எடுத்த மச்சம் எட்டிப் பார்த்தால்

கேள்வி: கன்னத்தில் இருந்த மச்சத்தை இரண்டு மாதம் முன்பு ஒரு பியூட்டி பார்லரில் மெஷின் வைத்து எடுத்தேன். பொருக்கு உதிர்ந்து நன்றாக ஆறிவிட்டது. இப்போது அதே இடத்தில் பழுப்பாக ஒரு புள்ளி. இன்டர்நெட்டில் தேடினால் புற்றுநோய் என்று வருகிறது. தூக்கமே இல்லை. (கல்லூரி மாணவி, கோவை)

பதில்: முதலில் தூங்குங்கள். மேலாக எடுத்த மச்சம், சில வாரங்களிலிருந்து ஆறு மாதத்துக்குள், தழும்புக்குள்ளேயே மறுபடி நிறம் காட்டுவது நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். அடியில் தங்கிய மச்ச செல்கள் மேலே வருகின்றன. இன்னொன்றாகவும் இருக்கலாம். நம் நிறத்துத் தோல் சூடு பட்டால் கறுத்துத்தான் ஆறும். அது வெறும் கறை. வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் மங்கிவிடும்.

புள்ளியைவிட அந்த மெஷின்தான் எனக்குக் கவலை. சுட்டு எடுத்ததில் பரிசோதனைக்கு அனுப்ப ஒரு துணுக்குச் சதைகூட மிஞ்சியிருக்காது. எடுத்தது என்ன மச்சம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். டெர்மோஸ்கோப் என்று, விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடி ஒன்று வைத்திருப்பார். ஐந்து நிமிட வேலை. ஊசி கிடையாது, வலி கிடையாது. போகும்போது செல்போனில் இருக்கும் பழைய செல்ஃபிகளைக் காட்டுங்கள். அந்த மச்சம் எப்படி இருந்தது என்பதற்கு இப்போது மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அவைதான்.

கேள்வி: வேரோடு எடுத்தாகிவிட்டது என்றுதான் டாக்டர் சொன்னார். பிறகு எப்படி முளைக்கும்? (விவசாயி, மன்னார்குடி)

பதில்: கோரையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே தாளைப் பறிக்கலாம். மண்ணுக்குள் கிழங்கு கிடந்தால் அடுத்த தண்ணீருக்கு வயல் மறுபடி பச்சை.

முகத்துத் தோலின் மேலடுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். சில மச்சங்கள் அந்த அடுக்கின் அடியோரத்தில் மட்டும் ஒட்டியிருக்கும். தட்டையாக, கருகருவென்று தெரியும். சில, அதற்குக் கீழே உள்தோலுக்கும் இறங்கியிருக்கும். தடவினால் லேசாகப் புடைப்பு தெரியும். வயதேறிய மச்சம் பெரும்பாலும் முழுக்க உள்தோலிலேயே குடியிருக்கும். நிறம் வெளுத்து மெத்தென்று உருண்டையாகிவிடும். பிறவி மச்சங்கள் முடிக்கால்களை ஒட்டி இன்னும் ஆழமாக இறங்குகின்றன.

இனி எடுக்கும் முறைக்கு வாருங்கள். தோல் மட்டத்துக்கு பிளேடால் சீவி எடுத்தால் தையல் வேண்டாம், தழும்பு குறைவு. ஆனால் மட்டத்துக்குக் கீழே இருப்பது அங்கேயே இருக்கும். சுற்றிலும் ஓரிரு மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து, அடிக்கொழுப்பு வரை கண் வடிவில் வெட்டித் தைத்தால் திரும்ப வருவது அபூர்வம். அதற்குக் கூலியாகக் கோடு போல ஒரு தழும்பு நிற்கும். முகத்தில் தழும்பு வேண்டாம் என்று பெரும்பாலானவர்கள் முதல் முறையைக் கேட்கிறார்கள். நியாயம்தான். கேட்கும்போதே, திரும்ப வரலாம் என்பதையும் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

இதில் இன்னொரு சங்கதி. புண்ணை மூட உடல் அனுப்பும் வளர்ச்சிப் பொருள்கள், மிஞ்சிக் கிடக்கும் மச்ச செல்களையும் தட்டி எழுப்பிவிடுகின்றன. முடிக்காலிலும் வியர்வைக் குழாயிலும் ஒட்டிக் கிடந்த நிறமி செல்கள், புதுத் தோல் படரும்போது கூடவே ஏறி வருகின்றன. உங்கள் டாக்டர் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்த வேர் வரை எடுத்திருக்கிறார்.

கேள்வி: மச்சத்தில் கத்தி பட்டால் புற்றாக மாறிவிடும் என்று என் மாமியார் தடுக்கிறார். (இல்லத்தரசி, மதுரை)

பதில்: மாறாது. வெட்டினாலும், நகம் பட்டுக் கிள்ளினாலும், சவரம் செய்யும்போது கீறினாலும் நல்ல மச்சம் புற்றாவதில்லை.

ஆனால் அத்தையை உதறிவிடாதீர்கள். எங்கோ ஒருவர் மச்சம் எடுத்தார், அது திரும்ப வந்தது, நெறி கட்டியது, ஒரு வருடத்தில் போய்ச் சேர்ந்தார் என்று அவர் கேள்விப்பட்டிருப்பார். அப்படி நடப்பதுண்டு. அங்கே எடுக்கும்போதே அது புற்றாக இருந்தது. மச்சம் என்று நம்பி வெட்டினார்கள், சோதிக்காமல் குப்பையில் போட்டார்கள். பழி கத்தி மேல் விழுந்துவிட்டது.

ஒரு மச்சம் ஏன் மச்சமாகவே நின்றுவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம். சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றின் செல்களில் பிராஃப் என்ற மரபணுவில் ஒரு பிழை இருக்கிறது. மெலனோமா என்ற கரும்புற்றுநோய் பலவற்றிலும் இருப்பது அதே பிழைதான். பிழை விழுந்ததும் செல் கொஞ்ச காலம் பெருகுகிறது. பிறகு உடலே அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. 2005இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதைக் காட்டியது. நம் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு மச்சமும் அப்படி நிறுத்தப்பட்ட ஒரு கூட்டம். அதனால் இருக்கிற மச்சத்தையெல்லாம் எடுத்துவிட்டால் புற்று வராது என்ற கணக்கும் தப்பு. பத்து மெலனோமாவில் ஏழு, மச்சமே இல்லாத வெறும் தோலில் புதிதாகத்தான் கிளம்புகிறது.

கேள்வி: தாடை மச்சத்தில் முடி முளைக்கிறது. பிடுங்கலாமா? (வங்கி ஊழியர், நாகர்கோவில்)

பதில்: கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் புற்று வராது. வேர் சீழ் பிடித்து மச்சம் வீங்கும், அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள். மச்சத்தைச் சீவி எடுத்த பிறகும் அந்த இடத்தில் முடி வரலாம். முடிக்கால் கீழே பத்திரமாக இருக்கிறதே.

கேள்வி: முதுகில் சீவி எடுத்த மச்சம் எட்டு மாதத்தில் திரும்ப வந்தது. வேறு ஊரில் வேறு டாக்டரிடம் மறுபடி எடுத்தேன். முதல் ரிப்போர்ட் 'சாதாரண மச்சம்'. இரண்டாவது ரிப்போர்ட் 'மெலனோமா சந்தேகம்'. எதை நம்புவது? (மென்பொருள் பொறியாளர், பெங்களூரு)

பதில்: இரண்டு ரிப்போர்ட்டையும் தனித்தனியாக நம்பாதீர்கள். இரண்டு ஸ்லைடையும் ஒரே மேசையில், ஒரே நோயியல் நிபுணர் முன்னால் வைக்கச் சொல்லுங்கள்.

1975இல் கோர்ன்பெர்க், ஆக்கர்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் இதைத்தான் எழுதினார்கள். பாதி எடுத்த மச்சம் திரும்பி வரும்போது, மைக்ராஸ்கோப்பில் அச்சு அசலாக மெலனோமா மாதிரியே இருக்கும். செல்கள் ஒழுங்கு தப்பி, மேலடுக்குக்குள் ஆங்காங்கே ஏறி நிற்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயரே பொய் மெலனோமா. ஆறும் தோலில் முண்டியடித்து வருவதால்தான் அந்தக் கோலம். தேர்ந்த கண்களும் இதில் ஏமாந்ததுண்டு.

பிரித்துப் பார்க்கத் தடயங்கள் இருக்கின்றன. திரும்பி வந்த மச்சத்தின் நிறம் தழும்பின் எல்லைக்குள் அடங்கியிருக்கும். மெலனோமா தழும்பைத் தாண்டி நல்ல தோலுக்குள் போகும். முன்னது சில மாதங்களில் தலை காட்டி அதோடு நின்றுவிடும், பின்னது நிற்காது. பல வருடம் சும்மா இருந்துவிட்டு திடீரென்று நிறம் வந்தால் அதற்குத் தனி மரியாதை கொடுத்துப் பார்க்க வேண்டும். மைக்ராஸ்கோப்பில் மேலே குழப்பமான செல்கள், நடுவில் தழும்புத் திசு, அதற்கடியில் அமைதியாகப் பழைய மச்சத்தின் மிச்சம் என்று மூன்று தட்டாகத் தெரிந்தால் நோயியல் நிபுணருக்குப் பாதி பாரம் இறங்கிவிடும்.

இதையெல்லாம் அவர் யோசிப்பதற்கு, முன்பு ஒரு முறை அங்கே எடுத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பரிசோதனைக்கு அனுப்பும் படிவத்தில் நோயாளியின் விவரத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு. எத்தனையோ படிவங்களில் அந்தக் கட்டம் காலியாகவே போகிறது. அல்லது 'மச்சம், முதுகு' என்று இரண்டு வார்த்தை. 'எட்டு மாதம் முன்பு சீவி எடுக்கப்பட்டது, முதல் ரிப்போர்ட் இணைப்பு' என்று ஒரு வரி எழுதியிருந்தால் உங்களுக்கு இந்தப் பதற்றம் வந்திருக்கவே வாய்ப்பில்லை. ஒரு டாக்டரிடமிருந்து இன்னொரு டாக்டருக்கு மாறும்போது பழைய காகிதத்தை எடுத்துப்போவது உங்கள் பங்கு. கேட்டு எழுதுவது எங்கள் பங்கு. அதை நாங்கள் இன்னும் சரியாகச் செய்ய வேண்டும்.

முதல் லேபில் ஸ்லைடையும், மெழுகில் பதித்த சதைத் துண்டையும் கேட்டு வாங்குங்கள். தோல் நோயியலில் பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். தள்ளிப்போடாதீர்கள். சந்தேகம் என்று எழுதியதைப் பொய் மெலனோமாவாகத்தான் இருக்கும் என்று நாமே முடிவு கட்டுவதும் ஆபத்து.

கேள்வி: சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைத்துத் தடவினால் மச்சம் ஒரே நாளில் உதிர்ந்துவிடும் என்று வீடியோ பார்த்தேன். (வாசகர், சேலம்)

பதில்: உதிரும். கூடவே தோலும் உதிரும். அந்தக் கலவை கடுங்காரம். எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. கன்னத்தில் குழி விழுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குழிக்கு நடுவில் பழைய மச்சம் மறுபடி எட்டிப் பார்த்ததையும் பார்த்திருக்கிறேன். சேங்கொட்டை எண்ணெயும் அப்படித்தான். கொப்புளம் போட்டுப் புண்ணாக்கிவிடும். கண்ணுக்குப் பக்கத்தில் இவற்றைக் கொண்டுபோகவே கூடாது.

கேள்வி: அம்மாவுக்குக் கன்னம், கழுத்து எல்லாம் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு மரு. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கிறது. (ஆசிரியை, விருதுநகர்)

பதில்: எடுத்தது வரவில்லை. புதிதாக வேறு வருகிறது. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு நடுவயதில், குடும்பவாகாக, கன்னத்து எலும்பை ஒட்டிச் சின்னச் சின்னதாகக் கறுப்பு மருக்கள் கிளம்பும். மச்ச செல்லுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை, புற்றாகவும் மாறுவதில்லை. அழகுக்காக வேண்டுமானால் லேசாகச் சுட்டு எடுக்கலாம். அதிகம் சுட்டால் வெள்ளைத் தழும்போ கறுப்புத் தழும்போ நிற்கும். கழுத்தில் தொங்கும் மருவுக்குக் குதிரை வால் முடி கட்டுவது ஊர்ப் பழக்கம். ரத்த ஓட்டம் நின்று விழுந்துவிடும் என்பது உண்மைதான். சுத்தமில்லாத முடியால் சீழ் பிடிப்பதும் உண்மை. சர்க்கரை இருக்கிறவர்கள் கட்டவே வேண்டாம். தொங்குவது மருதானா என்று கட்டுவதற்கு முன்பு ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: வயது 68. மூக்கோரத்தில் கறுப்பாக ஒரு மச்சம். உள்ளூர் கிளினிக்கில் மூன்று முறை சுட்டு எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் திரும்ப வருகிறது. முகம் துடைத்தால் துண்டில் ரத்தம். வலி இல்லை என்பதால் விட்டுவிட்டேன். (ஓய்வுபெற்ற நடத்துநர், திருநெல்வேலி)

பதில்: ஐயா, மற்ற பலருக்கும் 'நேரம் கிடைக்கும்போது போங்கள்' என்று எழுதுவேன். நீங்கள் இந்த வாரமே போங்கள்.

அறுபதுக்கு மேல் முகத்தில் புதிதாக வருவதை மச்சம் என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை. மச்சங்கள் பெரும்பாலும் முப்பது, நாற்பதுக்குள் வந்து முடிந்துவிடும். உங்கள் வயதில், மூக்கோரத்தில், மெல்ல வளர்ந்து, பொருக்குத் தட்டி, தொட்டால் ரத்தம் கசிவது பேசல் செல் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளைக்காரர்களுக்கு அது இளஞ்சிவப்பாக, முத்து மாதிரி வரும். பாடப் புத்தகப் படங்களெல்லாம் அவர்களுடையவை. நம் தோலில் அது பெரும்பாலும் கறுப்பாகவே வருவதால், பார்க்கிற எல்லோரும் மச்சம் என்றே சொல்கிறார்கள். உற்றுப் பார்த்தால் விளிம்பு கொஞ்சம் தூக்கி, மினுமினுப்பாக இருக்கும், நடுவில் குழிந்திருக்கும்.

இதில் ஒரு நல்ல செய்தி: இந்தப் புற்று ரத்தம் வழியாக வேறு உறுப்புக்குப் பரவுவது மிக மிக அரிது. கெட்ட செய்தி: இருக்கிற இடத்தை விடாது. மூக்கின் குருத்தெலும்பு, கண்ணிமை என்று பக்கத்தில் உள்ளதைத் தின்றுகொண்டே போகும். மேலே சுடச்சுட, தழும்புக்கடியில் மறைந்து அகலமாகிக்கொண்டிருக்கும். மூன்று முறை சுட்டவர்கள் ஒரு முறையாவது ஒரு துண்டை எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாதது தவறு, அதை வேறு மாதிரி என்னால் எழுத முடியவில்லை.

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவுக்குப் போங்கள். ஓபி சீட்டு எடுக்கும்போதே 'மூன்று தடவை எடுத்தும் வருகிறது, ரத்தம் வருகிறது' என்று சொல்லுங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துண்டு எடுப்பார்கள். புற்று என்றே வந்தாலும், விளிம்பில் மிச்சம் இல்லை என்று லேப் சொல்லும்படி முழுசாக வெட்டி எடுத்தால் பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். வலி இல்லை என்று இன்னும் ஒரு மாதம் தள்ளாதீர்கள். இந்த நோய் வலிக்காமல்தான் வளரும்.

கேள்வி: மச்சம் எடுத்த இடம் தடித்து, சிவந்து, அரிக்கிறது. மச்சம்தான் திரும்புகிறதா? மார்பில் எடுத்தது. (வாசகி, புதுச்சேரி)

பதில்: கறுப்போ பழுப்போ இல்லாமல், பளபளவென்று தடித்து, வெட்டிய கோட்டைவிட அகலமாகப் படர்ந்தால் அது கீலாய்ட் தழும்பு. மார்பு, தோள், காது மடல் மூன்றும் அதற்குப் பேர்போன இடங்கள். நம் ஊரில் அது அதிகம். மறுபடி வெட்டினால் இன்னும் பெரிதாகும். தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். வீட்டில் யாருக்காவது காது குத்திய இடம் தடித்த சரித்திரம் இருந்தால் மச்சம் எடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் வாசகியரும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி. கால் ஆணி என்று மருந்துக்கடையில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டினேன். மேல் தோல் உரிந்தது, புள்ளி போகவில்லை. கொஞ்சம் பெரிதான மாதிரி இருக்கிறது. (கட்டடத் தொழிலாளி, கிருஷ்ணகிரி)

பதில்: பிளாஸ்டரை நிறுத்துங்கள், காலைக் காட்டுங்கள். உள்ளங்காலில் சாதுவான மச்சமும் வரும், முள் குத்திய ரத்தக் கட்டும் கறுப்பாகத் தெரியும். ஆனால் நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு மெலனோமா வந்தால், அது தேடி வரும் இடங்கள் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. வெயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. யாரும் குனிந்து பார்க்காத இடமாகையால் வளர்ந்த பிறகே தெரிகிறது.

ஜமைக்காவின் பாப் மார்லியை உலகமே அறியும். 1977இல் அவருடைய கால் கட்டைவிரல் நகத்தடியில் இருந்தது கால்பந்து ஆடியதில் பட்ட காயம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அது மெலனோமா. விரலை எடுத்துவிடலாம் என்றார்கள், அவர் சம்மதிக்கவில்லை. நகத்தையும் நகப்படுகையையும் எடுத்து, தோல் ஒட்டு வைத்தார்கள். நோய் பரவி, 1981 மே 11ஆம் தேதி மியாமியில் இறந்தபோது அவருக்கு வயது 36.

நகத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். அடிபட்ட ரத்தக் கட்டு நகம் வளர வளர முன்னால் நகர்ந்து வெளியேறும்; கால் கட்டைவிரலில் இதற்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். மாதம் ஒரு போட்டோ எடுத்தால் நகர்கிறதா என்று தெரியும். நகராமல் ஒரே இடத்தில் நிற்பது ரத்தக் கட்டு இல்லை. நம்மவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இயல்பாகவே இருக்கும். அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு நகத்தில் ஒரு கோடு, அது அகலமாகிக்கொண்டே போகிறது, கறுப்பு நகத்தைத் தாண்டி ஓரத்துத் தோலிலும் ஊறுகிறது என்றால் நகப்பூச்சை அழித்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். உள்ளங்காலில் எடுத்த ஒன்று திரும்ப வந்தால் 'மச்சம்தானே' என்று விடவே கூடாது.

கேள்வி: இங்கே வருடா வருடம் ஸ்கின் செக் போகிறார்கள். பழுப்புத் தோல் நமக்கு எதற்கு என்று கணவர் கேட்கிறார். (வாசகி, மெல்பர்ன்)

பதில்: உலகத்திலேயே மெலனோமா அதிகம் உள்ள நாடுகள் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். அது பெரும்பாலும் வெள்ளைத் தோலும் கடும் வெயிலும் சேர்ந்த விளைவு. உங்களுக்கு அந்த ஆபத்து குறைவு என்பதில் அவர் சொல்வது சரி. ஆனால் காலுறையைக் கழற்றாமல் செய்த செக், நமக்குச் செய்யாததற்குச் சமம். போனால் பாதத்தையும் நகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆறு மாதக் குழந்தை. பிறக்கும்போதே முதுகில் உள்ளங்கை அகலம் கறுப்பு மச்சம், முடியோடு. லேசரில் போகுமா? (இளம் தந்தை, திருச்சி)

பதில்: நிறம் கொஞ்சம் போகும், வேர் போகாது. பிறவி மச்சம் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இருக்கிறது, பெரும்பாலும் சின்னது. உள்ளங்கை அகலம் என்றால் குழந்தை வளர அதுவும் வளரும். இருபது சென்டிமீட்டரைத் தாண்டும் என்று தோன்றும் மச்சங்களை ராட்சத வகையில் சேர்த்து, தனியாகக் கவனிக்கிறோம். அவற்றில் மெலனோமா வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம். பக்கத்துத் தோலை மெல்ல இழுத்து, சில மாத இடைவெளியில் இரண்டு மூன்று முறையாக வெட்டி எடுப்பார்கள். விளிம்பில் நிறம் திரும்புவது சகஜம். அதற்காக அறுவை தோற்றது என்று நினைக்க வேண்டாம். லேசர் மேலே வெளுத்து வைத்துவிட்டால், அடியில் ஏதாவது மாறினாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். குழந்தைகள் மருத்துவரும் தோல் மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். அவசரம் இல்லை. குழந்தைக்கு எதுவும் தெரியாத வயதில் நீங்கள் இருவரும் நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது.

கேள்வி: ஏழாம் மாதம். வயிற்று மச்சம் பெரிதாகிறது. (வாசகி, ஈரோடு)

பதில்: வயிறு விரிய மச்சமும் விரியும். அதற்குக் கவலை வேண்டாம். நிறம் இரண்டு மூன்றாகப் பிரிந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ பிரசவம் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு இப்போதே துண்டு எடுக்கலாம்.

கேள்வி: என் மகனுக்கு, வயது 15, முதுகு மச்சத்தைச் சுற்றி வெள்ளை வளையம். மச்சமே மறைகிறது. (வாசகர், காரைக்குடி)

பதில்: அவனுடைய எதிர்ப்பாற்றல் அந்த மச்சத்தைக் கரைக்கிறது. வளரும் வயதில் இது அடிக்கடி வரும், பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். உடம்பில் வேறெங்காவது வெண்புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வந்தால் உடம்பு முழுக்கப் பரிசோதிப்பது வழக்கம்.

கேள்வி: உதட்டு மேல் மச்சம் யோகம், எடுக்காதே என்கிறார் ஜோசியர். (வாசகி, கும்பகோணம்)

பதில்: மாறாமல் இருக்கிற மச்சத்தை எடுக்க மருத்துவக் காரணமும் இல்லை. யோகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். மாறினால் என்னிடம் வாருங்கள்.

கேள்வி: பள்ளி டி.சி.யில் அங்க அடையாளம் 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்'. எடுத்துவிட்டேன். சிக்கல் வருமா? (போட்டித் தேர்வு எழுதுபவர், தர்மபுரி)

பதில்: எடுத்த மருத்துவமனையின் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். கேட்டால் காட்டலாம். இனி நிரப்பும் படிவங்களில் இப்போது உடம்பில் இருப்பதை எழுதுங்கள். தழும்பும் அங்க அடையாளம்தான்.

கேள்வி: எதைப் பார்த்தால் ஓட வேண்டும்? சுருக்கமாகச் சொல்லுங்கள். (வாசகர், சென்னை)

பதில்: இரண்டு பாதியும் ஒத்துப்போகாத வடிவம், கிழிந்த மாதிரி விளிம்பு, ஒரே மச்சத்தில் பல நிறம், ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அகலம். இந்த நான்கையும் நியூயார்க் மருத்துவர்கள் 1985இல் வகுத்தார்கள். ஐந்தாவதாகப் பின்னால் சேர்த்தது, மாற்றம். எனக்கு ஐந்தாவதுதான் முதலாவது. உங்கள் உடம்பில் மற்ற மச்சங்களோடு சேராமல் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அதையும் காட்டுங்கள்.

கேள்வி: நான்கு வருடம் முன்பு ஒரு மச்சம் எடுத்தேன். லேபுக்கு அனுப்பியதாகச் சொன்னார்கள். ரிப்போர்ட்டை நான் வாங்கவே இல்லை. அந்த இடம் சுத்தமாகத்தான் இருக்கிறது. இனிமேல் அது எதற்கு? (வாசகர், வேலூர்)

பதில்: என்றைக்காவது அங்கே ஒரு புள்ளி வந்தால், உங்களைப் பார்க்கும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி 'அப்போது எடுத்தது என்ன?' என்பதுதான். சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு சதைத் துண்டு. எடுத்த உடனே ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, மேலே பெயரும் இடமும் எழுதி ஒட்டி அனுப்பியிருப்பார்கள். லேபில் அதை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிப் பார்த்திருப்பார்கள். அந்த மெழுகுக் கட்டி கெடாது. லேப்கள் அவற்றைப் பல வருடம் எடுத்து வைக்கின்றன. நான்கு வருடம் ஒன்றும் அதிகம் இல்லை. போய்க் கேளுங்கள். ரிப்போர்ட்டின் நகலை வாங்கி, செல்போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். விளிம்பில் மச்சம் மிச்சம் இருந்ததா, முழுசாக வந்ததா என்று அதில் ஒரு வரி இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பில் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். லேப் எண் அதில் இருந்தால் தேடுகிறவருக்குச் சுலபம்.